ஒரே அரைப்பு, நாலு குழம்பு! கொங்கணி அடுக்களை ரகசியம் தெரியுமா?

தேங்காய், வறுத்த வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி. அரைப்பு இவ்வளவுதான். இந்த ஒன்றிலிருந்தே நாலு பெயரில் நாலு குழம்பு வைக்கலாம், தெரியுமா? கொங்கணி பேசும் சாரஸ்வதர் வீடுகளில் இது அன்றாட வேலை! தட்டிய பூண்டைத் தேங்காய் எண்ணெயில் சிவக்கவிட்டுக் கொட்டினால் அது கொத்தேல். பூண்டை விட்டுவிட்டு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிக் கொட்டினால் அம்பட். கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்தால் கஷி. அடுப்பை அணைத்துக் கரைத்த பெருங்காயமும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டால் ஹும்மண். வாசனை நாலும் நாலு விதம்! பாட்டி கைப்பக்குவத்தைத் தேடும் இளம் கொங்கணியர் இந்த நாலில்தான் தொடங்க வேண்டும் என்பேன். பாதிச் சமையல் இதிலேயே கைவந்துவிடும்.

மீதிப் பாதியில் அவர்களுடைய வரலாறே இருக்கிறது! 1510-ல் இவர்கள் வாழ்ந்த கோவா போர்த்துகீசியர் வசமானது. 1560-ல் சமய விசாரணை மன்றம் வந்தது. மொழியையும் தெய்வத்தையும் காப்பாற்றிக்கொள்ள எத்தனையோ குடும்பங்கள் கடலோரமாகவே மங்களூர், உடுப்பி, கொச்சி என்று தெற்கே இறங்கின. ஆனால் மிளகாயும் முந்திரியும் அதே போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவை, தெரியுமா? இன்று மிளகாய் இல்லாமல் அந்த அரைப்பே இல்லை. யுகாதி விருந்திலோ இளம் முந்திரிப் பருப்பு உப்கரி என்ற பொரியலுக்குத்தான் முதல் மரியாதை!

இனி இலைகளின் கதையைக் கேளுங்கள். பலா இலைகளைத் தைத்துக் கிண்ணமாக்கி இட்லி மாவு ஊற்றி அவித்தால் கொட்டே. தாழை மடலில் ஊற்றினால் மூடே. மஞ்சள் இலையில் அரிசி மாவைத் தடவி, தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து அவித்தால் பதோளி. நாக பஞ்சமிக்கு இந்து வீடுகளில் அது மணக்கும். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளில் கோவா கத்தோலிக்கர் வீடுகளிலும் அதே மணம்! சேம்பிலையில் மசாலா மாவு பூசி, இலை மேல் இலை அடுக்கிச் சுருட்டி அவிப்பது பத்ரொடெ. அதில் புளி ஏன் அவ்வளவு தாராளம்? சேம்பிலையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. புளியைக் குறைத்தால் தொண்டை அரித்தெடுத்துவிடும்!

தெப்பல் தெரியுமா? மீன் குழம்பில் நசுக்கிப் போடும் காட்டுக் காய். விதையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் சேர்ப்பார்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும். சீனச் சமையலின் சிச்சுவான் மிளகு இதற்குச் சொந்தக்காரன், இரண்டும் ஒரே தாவரப் பேரினம்!

இவர்களுக்குச் செடிகொடி ஞானம் அடுக்களையோடு நின்றுவிடவில்லை. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ என்ற பிரம்மாண்டமான தாவர நூலுக்குக் கொச்சியில் தகவல் திரட்டித் தந்தவர்களில் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உண்டு. அவர்கள் கொங்கணியில் எழுதிக் கொடுத்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது!

இன்றைக்கே ருசி பார்க்க வேண்டுமா? துவரம் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, கீறிய பச்சை மிளகாயும் பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். வெங்காயம், பூண்டு, தேங்காய் எதுவும் வேண்டாம். இதுதான் தாளி தோய். சுடுசோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள்!