டிராக்டர், சரக்கு வண்டிகளுக்குச் செனான் விளக்கு தேவையா?

கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை வட்டாரங்களின் மானாவாரிக் கரிசல் நிலங்களில் விளையும் மக்காச்சோளமும் பயறு வகைகளும் தை, மாசி மாதங்களில் களத்தைவிட்டு வெளியேறுகின்றன. பகல் முழுவதும் அறுவடையும் கதிரடிப்பும் நடப்பதால் மூட்டைகள் பெரும்பாலும் இருட்டிய பிறகே வண்டி ஏறுகின்றன. சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். ஆகவே டிராக்டரிலும் குட்டி யானை போன்ற சிறு சரக்கு வண்டிகளிலும் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்ற குறை விவசாயிகளிடையே பரவலாக உண்டு. இந்தக் குறை உண்மையானதே. ஆனால் இதைத் தீர்க்க, கடைகளில் விற்கும் செனான் பல்பு செட்டை வாங்கிப் பழைய விளக்கினுள் மாட்டுவது சரியான வழியன்று. அது ஏன் என்பதையும், இருக்கிற விளக்கிலேயே இழந்த வெளிச்சத்தைத் திரும்பப் பெறும் முறையையும் இங்குக் காண்போம்.

நான்கு சக்கர வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது எச் 4 என்ற ஹாலோஜன் பல்பு. 1971ஆம் ஆண்டில் வந்த இப்பல்பில் இரண்டு இழைகள் உள்ளன. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை இக்கிண்ணம் தடுத்துவிடுவதால், விளக்கின் உட்புறத்துப் பளபளப்பான குழியின் மேல்பாதி மட்டுமே வேலை செய்து, ஒளியைச் சாலையின்மீது தாழ்த்தி அனுப்புகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்கு ஒளி ஏறாமல் காப்பது இந்தக் கிண்ணமும், இழை இருக்கும் சரியான இடமும்தான். இழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளியின் வடிவம் கெட்டுவிடும்.

செனான் விளக்கில் இழையே கிடையாது. சிறிய கண்ணாடிக் குமிழுக்குள் செனான் வாயுவும் உலோக உப்புகளும் அடைக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளுக்கிடையே மின்பொறி தாவி, அது தொடர்ந்து நின்று எரிவதால் ஒளி கிடைக்கிறது. வெல்டிங் பொறி எரிவதைப் போன்றது. 1991ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் உயர்விலைக் கார்களில் முதன்முதலாக இதைக் கொண்டுவந்தது. 35 வாட் செனான் விளக்கு ஏறத்தாழ 3200 லூமன் ஒளி தருகிறது. எச் 4 பல்பின் டிம் இழை தருவதோ ஏறத்தாழ 1000 லூமன்தான். குறைந்த மின்சாரத்தில் மும்மடங்கு ஒளி என்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கார்களில் செனானுக்கென்றே தனியாக வடிவமைத்த விளக்கும், ஒளியின் மேல்விளிம்பைக் கத்தரித்தாற்போல் நிறுத்தும் தகடும் லென்சும் இருக்கின்றன. ஐரோப்பிய நாடுகளில் 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் விளக்கு உள்ள வண்டியில், சுமைக்கு ஏற்பத் தானே ஒளியைத் தாழ்த்திக்கொள்ளும் அமைப்பும், விளக்கின் முகத்தைக் கழுவும் அமைப்பும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் பெட்டியாக விற்கும் பல்பு செட்டில் இவற்றில் எதுவும் இல்லை.

மருந்து தெளிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தெளிப்பு எந்த வடிவில் விழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாசில். நாசிலை மாற்றாமல் விசையை மட்டும் மும்மடங்கு கூட்டினால் மருந்து நம் பயிரில் படியாமல் காற்றோடு போய் அடுத்தவர் பயிரில் விழும். ஹாலோஜன் விளக்குக் குழிக்குள் செனானை வைப்பதும் இதே கதைதான். ஒளி புறப்படும் இடமும் வடிவமும் மாறிவிடுவதால், சாலையில் விழவேண்டியது மேலும் பக்கமும் சிதறி எதிரே வருபவரின் முகத்தில் விழுகிறது. ஓட்டுபவருக்கோ வண்டியின் முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று தெரிவதால் நல்ல வெளிச்சம் என்ற எண்ணம் உண்டாகிறது. அருகில் அவ்வளவு பளிச்சென்று இருக்கும்போது கண்ணின் பாவை சுருங்குவதால் தொலைவில் இருப்பது முன்பைவிட மங்கலாகத் தெரியும். இழை பல்புக்குப் பதிலாக மாட்டும் எல்.இ.டி. பல்பு செட்டுகளுக்கும் இக்குறை பெரும்பாலும் பொருந்தும்.

இதனால் விளையும் கேடு என்ன? கிராமச் சாலைகள் ஒற்றை வண்டி அகலம். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. கண் கூசிய ஓட்டுநருக்குப் பார்வை தெளிய ஐந்து வினாடி ஆனால், அதற்குள் 55 மீட்டர் தூரத்தை அவர் குருடராகவே கடந்திருப்பார். அந்த 55 மீட்டரில் என்ன இருக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியாததன்று. அறுவடைக் காலத்தில் சாலையோரம் மக்காச்சோளம் காய்கிறது. சுற்றிலும் கல் அடுக்கித் தார்ப்பாய் மூடியிருக்கிறார்கள். காவலுக்கு அதன் அருகிலேயே ஆள் படுத்திருக்கிறது. கிடை மாற்றிச் செல்லும் ஆட்டுமந்தையும், விளக்கில்லாத சைக்கிளும் அதே சாலையில்தான் வருகின்றன. சாலையில் தானியம் காயப்போடுவதே கூடாது என்பது தனிச் செய்தி. களமில்லாத ஊர்களில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. கூச வைத்த வண்டி தப்பிப் போய்விடும். மோதுவது கூசிய வண்டி.

வயதானவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். அறுபது வயதில் கண்ணின் உள்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதில் சேருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை தொடங்கியிருந்தால் எதிர்வெளிச்சம் கண் முழுவதும் பரவி, சாலையே மறைந்துபோகும்.

நீலம் பாய்ந்த வெள்ளை ஒளிதான் உயர்ந்தது என்று நம்புவதும் தவறு. பல்புப் பெட்டியின்மேல் 4300, 6000, 8000 கெல்வின் என்று எழுதியிருப்பது ஒளியின் நிறத்தைக் குறிக்குமே தவிர அளவைக் குறிக்காது. கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தும் செனான் விளக்குகள் 4300 கெல்வின் அளவை ஒட்டியவை. அதற்கு மேலே போகப்போக நீலம் கூடும், பயனுள்ள ஒளி குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கரிசல் காட்டுப் புழுதியிலும் கூடுதலாகச் சிதறும் ஒளி திரும்பி ஓட்டுபவரின் கண்ணிலேயே அடிக்கும்.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். செனானைப் பற்றவைக்க அதன் பாலஸ்ட் பெட்டி 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பை அனுப்புகிறது. சேறும் தண்ணீரும் படும் டிராக்டரில், காப்பு உரிந்த வயரோடு இதை வைத்திருப்பது ஆபத்து. பலவகைக் குமிழ்களில் சிறிதளவு பாதரசமும் உண்டு. உடைந்தால் வெறுங்கையால் தொடலாகாது.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதிப்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்காதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. மாட்டிக்கொடுத்த கடைக்காரர் அபராதம் கட்ட வரமாட்டார்.

இனி, வெளிச்சம் ஏன் குறைந்தது என்று பார்ப்போம். ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டிகளில் பல்பு நன்றாகவே இருக்கும். அதற்குப் போய்ச் சேரும் மின்அழுத்தம்தான் குறைந்திருக்கும். ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும். பாட்டரியில் 13.5 வோல்ட் இருந்து பல்பில் 12 வோல்ட் மட்டும் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விட்டது என்று பொருள். நெடுந்தூரம் மண்வாய்க்காலில் ஓடிவரும் கிணற்றுத் தண்ணீர் கடைமடையில் குறைந்திருப்பது போலத்தான். மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், துரு ஏறிய எர்த் ஆகியவையே மின்சாரத்தைக் குடிக்கும் ஓட்டைகள்.

இதைக் கண்டறிய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் உள்ள மல்டிமீட்டர் போதும். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, பாட்டரியின் முனைகளில் ஒருமுறையும் பல்பின் பின்புறச் சாக்கெட்டில் ஒருமுறையும் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் நலம். அதற்கு மேலிருந்தால் முதலில் எர்த் வயர் உடலோடு சேரும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே சிறிது வாசலின் தடவ வேண்டும். பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்மையை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்த அளவிலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

அதுவும் போதாவிட்டால் ரிலே பொருத்துவது நல்லது. இரண்டு 55 வாட் பல்புகள் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன. பல வண்டிகளில் இவ்வளவும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது. பாட்டரியிலிருந்து பியூஸ் வைத்த தடித்த வயரை ரிலே வழியாக நேரே பல்புக்குக் கொண்டுபோனால், சுவிட்ச் ரிலேயை இயக்குவதோடு நின்றுவிடும். பல்புக்கு முழு மின்சாரம் சேரும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். பியூஸ் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வயர் உரசினால் வண்டி தீப்பிடிக்கும். ரிலே வைத்தோமே என்று 100 வாட் பல்பு போடுவதும் வேண்டாம். அதன் சூட்டில் சாக்கெட் இளகிக் குழியின் பூச்சும் கருகிவிடும்.

விளக்கின் பிளாஸ்டிக் முகம் மஞ்சளடித்திருந்தால் பாலிஷ் போட்டுத் தெளிவாக்கலாம். உள்ளே குழியின் வெள்ளிப்பூச்சு மங்கிவிட்டால் தேய்ப்பதில் பயனில்லை. விளக்கையே மாற்ற வேண்டும். மாற்றும்போது இடப்பக்கச் சாலைக்கு உரிய விளக்குதானா என்று கேட்டு வாங்குதல் அவசியம். வெளிநாட்டு வலப்பக்கச் சாலைக்குச் செய்தது எதிரே வருபவரின் பக்கம் ஒளியை உயர்த்தும். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை சூடேறிக் கண்ணாடியைக் கெடுக்கும். பழைய பல்பின் அடியில் பொறித்துள்ள எண்ணையும் வாட்டையும் பார்த்து அதே வகையையே வாங்க வேண்டும்; எல்லா டிராக்டர்களும் எச் 4 கொண்டவை அல்ல.

கடைசி வேலை விளக்கின் பார்வையைச் சரிசெய்தல். இதற்குச் செலவே இல்லை. டயர்களில் சரியான காற்று அடித்து, வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியைச் சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் மூட்டை ஏறினால் முன்புறம் தூக்கும் என்பதால் வெறும் வண்டியில் பார்ப்பது பயன்படாது. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் கரிக்கோடு போடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 10 சென்டிமீட்டராவது கீழே நிற்க வேண்டும். உயரத்தில் விளக்கு உள்ள டிராக்டருக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே இருப்பது நலம். விளக்கின் பின்புறமுள்ள திருகைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். சில சரக்கு வண்டிகளில் சுமைக்கேற்பத் தாழ்த்த டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட குமிழ் உண்டு. சுமை ஏற்றும்போது அதைத் திருப்பிவிட்டால் போதும்.

இரவில் உழவோ கதிரடிப்போ செய்பவர்கள் வயல் வேலைக்கென எல்.இ.டி. விளக்கைத் தனி சுவிட்சோடு பொருத்திக்கொள்ளலாம். குறைந்த மின்சாரத்தில் நல்ல வெளிச்சம் தரும். ஆனால் சாலைக்கு ஏறியதும் அதை அணைத்துவிட வேண்டும். பின்னோக்கி வெள்ளை விளக்கு எரிந்தால், அந்தக் கூச்சத்தில் டிரெய்லரின் பின்புறமே மறைந்துவிடும். டிரெய்லரின் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளிபிரதிபலிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். வைக்கோலோ சோளத்தட்டையோ ஏற்றும்போது அவை மூடிக்கொள்ளாதபடி, தொங்கும் தட்டையை உள்ளே மடித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுதல் வேண்டும்.