சத்திரசிகிச்சைக் காயத்துக்குத் தேன் போடலாமா?

சத்திரசிகிச்சை வாட்டில் பல வருடங்கள் காயங்களுக்கு மருந்து கட்டியவள் நான். வேலையை விட்ட பின்பும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சிசேரியன் காயம் வாய் திறந்து ஊனம் வடியுது. அம்மம்மா தேன் பூசச் சொல்லுறா. பூசலாமோ அக்கா?” என்பதே அது. வைத்தியசாலைக்குப் போக பஸ்சுக்குக் காசில்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, அடிவயிற்றைக் காட்ட வெட்கம். இத்தனையும் சேர்ந்துதான் எமது சகோதரிகளைத் தேன் போத்தலிடம் கொண்டுபோய் விடுகின்றன. ஆகவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மம்மா சொல்வது மூடநம்பிக்கை அல்ல. ஏறத்தாழ 3600 வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியிலேயே காயத்துக்குத் தேன் வைத்துக் கட்டும் முறை உள்ளது. 1999 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு எமக்கு மிக நெருக்கமானது. சிசேரியன் அல்லது கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பின் காயத்தில் கிருமி தொற்றிய 50 பெண்களை அதில் கவனித்தார்கள். 26 பேருக்கு 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தேன் இடப்பட்டது. 24 பேருக்கு வழமைபோல ஸ்பிரிட்டும் அயடீன் மருந்தும் இடப்பட்டன. தேன் இட்டவர்களின் காயம் சராசரியாக 11 நாட்களில் ஆறியது. மற்றவர்களுக்கு 22 நாட்கள் சென்றன. இது சிறிய ஆய்வுதான். ஆனால் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துச் சீர்தூக்கிய கொக்ரேன் அமைப்பும், கிருமி தொற்றிய சத்திரசிகிச்சைக் காயங்கள் தேனால் விரைவாக ஆறுவதாக 2015 இல் கூறியது. தொற்று இல்லாமல் நன்றாக மூடியிருக்கும் தையலுக்குத் தேன் தேவையில்லை. அதைச் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்திருந்தாலே போதும்.

தேன் எப்படி வேலை செய்கிறது? அதில் ஐந்தில் நாலு பங்கு சீனிச் சத்து. அது கிருமிக்கு வேண்டிய நீரை உறிஞ்சிவிடுகிறது. தேனின் புளிப்புத் தன்மையும் கிருமியை வளரவிடாது. தேனீ சேர்க்கும் ஒரு நொதியம், காயத்தின் நீர் பட்டதும் ஐதரசன் பரவொட்சைட்டைச் சிறிது சிறிதாக உண்டாக்கும். இது கிருமிகொல்லி. தேன் இட்ட துணி புண்ணில் ஒட்டாது. ஆகையால் கட்டை மாற்றும்போது புதுத் தசை பிய்ந்து வராது.

அப்படியானால் வீட்டுத் தேனைப் பூசினால் என்ன? இங்கேதான் ஆபத்து இருக்கிறது. வைத்தியசாலைகளுக்கென்று தயாரிக்கப்படும் மருந்துத் தேன் காமாக் கதிர் செலுத்திச் சுத்திகரிக்கப்பட்டது. கடைத் தேனிலோ காட்டுத் தேனிலோ பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்திகள் இருக்கக்கூடும். காய்ச்சி எடுத்தாலும் அவை சாவதில்லை. தேனின் நல்ல நொதியம்தான் கெட்டுப்போகும். சீனிப்பாகு கலந்த தேனும் சந்தையில் உண்டு. இதே வித்திகளின் காரணமாகத்தான் ஒரு வயது நிறையாத பிள்ளையின் நாக்கில் தேன் தடவக்கூடாது என்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேன் மேற்புண்ணுக்குத்தான் மருந்து. கருப்பைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ கிருமி பரவியிருந்தால் அது அங்கே எட்டாது. மேலே தேனைப் பூசிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் உள்ளே விஷம் ஏறி உயிருக்கே மோசம் வரலாம். யுத்தம் 2009 இல் முடிந்தும் செல் துண்டுகளை உடம்பில் சுமந்து வாழும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். பழைய காயம் திரும்பத் திரும்ப உடைத்து ஊனம் வடிந்தால் உள்ளே துண்டு இருக்கக்கூடும். அதை எடுக்காமல் எந்தத் தேனாலும் புண் ஆறாது.

ஆகவே காயம் சிவந்து சுடுகிறதா, நோவு கூடுகிறதா, சீழோ நாற்றமோ வருகிறதா, தையல் விடுகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று தினமும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காயத்தைக் காட்டலாம். வெட்கமாக இருந்தால் பெண் வைத்தியரோ தாதியோ பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை. மருந்துத் தேன் பொருத்தமா என்று வைத்தியரிடமே கேட்கலாம். நீரிழிவு இருந்தாலும் தேனீக் கடி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முதலே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அம்மம்மா தேனை எடுத்து வந்தால் அவவோடு சண்டை பிடிக்க வேண்டாம். தேன் நல்ல மருந்துதான், ஆனால் எந்தத் தேன், எந்தக் காயத்துக்கு என்பதைக் காயத்தைப் பார்த்தவர்தான் சொல்லவேண்டும் என்று விளங்கப்படுத்துங்கள். வரும்போது துணைக்கு அவவையே கூட்டி வாருங்கள். பிள்ளையை வைத்திருக்க ஓர் ஆள் கிடைத்ததாகவும் இருக்கும்.