பூனைக்கு எத்தனை கிராம்?

வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி வைப்பது என்று கேட்டால், பல வீடுகளில் வரும் பதில், ‘அது கத்துகிற போதெல்லாம்’ என்பதுதான். அதில் பாசம் இருக்கிறது, கணக்கு இல்லை. கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே வளரும் நான்கு கிலோ பூனையை எடுத்துக்கொள்வோம். சும்மா படுத்திருக்கவே அதற்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி வேண்டும். எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கி கால்நடை மருத்துவர்கள் காணும் அளவு இது. நடமாட்டத்துக்காக 1.2-ஆல் பெருக்கினால் 240. பாக்கெட்டில் வரும் உலர் தீனி 100 கிராமில் பொதுவாக 350 முதல் 400 கிலோகலோரி இருக்கும். ஆக, நாள் முழுவதற்கும் 60, 70 கிராம் போதும். அதற்கு மேல் அள்ளிப்போடும் பத்து கிராம் நம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பூனைக்கோ அது ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு. நாம் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத் தினமும் இரண்டு தோசை கூடுதலாகத் தின்பதற்குச் சமம். பாசத்தோடு ஊற்றும் 100 மில்லி பாலிலும் 60 கிலோகலோரி அளவுக்கு இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. அதனால் கரண்டியையும் கைப்பிடியையும் நம்பாமல், சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் வைக்க வேண்டும்.

‘தன் வயிறு பூனைக்குத் தெரியாதா?’ என்று கேட்கலாம். வேட்டையாடும் பூனைக்குச் சரி. ஒரு சுண்டெலி தருவது சுமார் 30 கிலோகலோரி. நாளுக்கு ஏழெட்டு எலியாவது பிடிக்க வேண்டும், தப்பவிட்ட பாய்ச்சல்கள் தனி. சோபாவில் படுத்திருக்கும் பூனைக்கு அந்த உழைப்பு கிடையாது. போதாக்குறைக்கு, கருத்தடைக்குப் பின் ஆற்றல் தேவை குறையும், பசி கூடும். பாக்கெட்டில் அச்சிட்ட அட்டவணை இருக்கிறதே என்றால், அது பொதுவான பூனைக்கு எழுதியது. ஐந்து கிலோ இருக்க வேண்டிய பூனை ஏழு கிலோ இருந்தால், ஏழு கிலோவுக்கான வரிசையைப் பார்த்துப் போடுகிறவர் அந்தக் கொழுப்புக்கும் சேர்த்தே தீனி வைக்கிறார்.

மேலே சொன்ன சூத்திரமும் தொடக்கப் புள்ளிதான். ஒரே எடையுள்ள இரண்டு பூனைகளின் தேவைகூட வெகுவாக மாறுபடும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது பூனையின் உடம்பு. உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்கள் நீண்டிருக்க, புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். பூனையின் விலா எலும்புகளும் அப்படி லேசாகத் தட்டுப்பட்டால் அளவு சரி. முட்டி மடக்கியதுபோல் துருத்தினால் மெலிவு. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. அடிவயிற்றில் ஆடும் தோல்மடிப்பை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம், ஒல்லிப் பூனைக்கும் அது உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, ஐந்து கிராம் கூட்டலாம், குறைக்கலாம்.

குண்டாகிவிட்டதே என்று திடீரென்று பட்டினி போடுவதுதான் பெரிய ஆபத்து. கொழுத்த பூனை சில நாள் உண்ணாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் படிந்து உயிருக்கே உலை வைக்கும். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் போதும். அதற்குள் அது கத்துமே, மனம் கேட்காதே என்பவர்கள் அதே 60 கிராமை நான்கைந்து வேளையாகப் பிரித்து வைக்கலாம். அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக, முக்கால் பங்கு தண்ணீரே உள்ள ஈரத் தீனியை அதே கலோரிக் கணக்கில் வைத்தால், கிண்ணமும் நிறையும், வயிறும் நிறையும்.