குளிர்க் களஞ்சியமும் கமக்காரரும்

நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளிலிருந்து மாலையிற் புறப்படும் மரக்கறி லொறிகள் விடியுமுன் கொழும்பை வந்தடைகின்றன. பல்லாண்டு காலம் அவை இறக்கப்பட்ட இடம் புறக்கோட்டை மெனிங் சந்தையாகும். 2020 நவம்பரில் அச்சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றின் மொத்த வியாபாரம் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் இன்றும் நடைபெறுகின்றது. சந்தை இடம் மாறினும் கமக்காரரின் இடர் மாறவில்லை. வரத்து மிகுந்த நாளில் விலை வீழ்கின்றது. விற்காது நின்ற பொருள் மறுநாள் வாடிவிடுகின்றது.

இலங்கையிற் பழங்களிலும் மரக்கறிகளிலும் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாகக் கணிக்கப்படுகின்றது. குளிர்க் களஞ்சியம் இந்நட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதனை நட்டமின்றி நடத்துவது எளிதன்று. அதன் தடைகளை அறிந்த கமக்காரரே தமது விளைபொருளை அதில் வைப்பதா, உடனே விற்பதா எனத் தீர்மானிக்க வல்லவராவார்.

குளிர் செய்யும் வேலை

பறித்த பின்னும் மரக்கறி உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கின்றது, சுவாசத்தால் வெப்பம் பிறக்கின்றது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயருந்தோறும் சுவாசம் இரண்டு அல்லது மூன்று மடங்காகின்றது. குளிர் இவ்வேகத்தைத் தணிக்குமேயன்றிக் கெட்ட பொருளை நல்லதாக்காது. அடிபட்ட தக்காளியும் வெட்டுண்ட கிழங்கும் குளிரறையிலும் அழுகும்.

ஓரறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது

கரட், கோவா, லீக்ஸ் ஆகியன 0 பாகைக்கு அண்மையில், 95 சதவீத ஈரப்பதனில் நன்கிருக்கும். பெரிய வெங்காயத்துக்கும் அக்குளிரே ஏற்றது. ஆனால் ஈரப்பதன் 65 முதல் 70 சதவீதமே இருத்தல் வேண்டும். கத்தரிக்கும் வெள்ளரிக்கும் 10 முதல் 12 பாகை தேவை. அதனிலும் குளிர்ந்தால் தோலிற் குழி விழும். கத்தரி விதை கறுக்கும். முற்றிய பச்சைத் தக்காளி 10 பாகைக்குக் கீழே நெடுநாள் இருப்பின் செவ்வையாகப் பழுக்காது. உண்ணும் உருளைக்கிழங்கு 4 பாகைக்குக் கீழே இனிப்பேறிப் பொரிக்கும்போது கறுக்கும். விதைக்கிழங்குக்கோ 2 முதல் 4 பாகை உகந்தது. பழுத்த வாழையும் மாம்பழமும் வெளியிடும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்கச் செய்யும். கோவா இலையை மஞ்சளாக்கி உதிர்க்கும்.

ஆகவே பல மரக்கறிகளை ஏற்கும் களஞ்சியத்துக்குப் பல அறைகள் வேண்டும். ஓர் அறை பாதி நிரம்பினும் அதனைக் குளிர்விக்கும் செலவு பாதியாகக் குறைவதில்லை. அறுவடைக் காலத்தில் இடம் போதாமையும், மற்றைய மாதங்களில் வெறுமையும் உரிமையாளரை வாட்டுகின்றன.

மின்சாரச் சுமை

குளிர் இயந்திரம் இரவும் பகலும் இயங்க வேண்டியது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு ஏற்பட்டது; மின்பிறப்பாக்கிக்கு டீசலும் அரிதாயிற்று. மின் கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. இத்தகைய உயர்வு, முடிவில், வாடகையாகக் கமக்காரரையே சாரும்.

விலையின் நிலையாமை

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது; இங்கு விலை ஏறிற்று. 2024 மே மாதத்தில் அத்தடை நீங்கியது. ஏற்றத்தை நம்பிச் சேமித்தவர் இறக்குமதி வந்த அன்றே நட்டப்படக்கூடும். மேற்கு வங்காளத்தில், விலை வீழ்ந்த ஆண்டுகளில் வாடகை கொடுத்து மீட்க விரும்பாது கமக்காரர் கிழங்கைக் கைவிடுவதுண்டு. அப்போது களஞ்சியக்காரர் வாடகையை இழப்பதோடு அழுகலை அகற்றும் செலவையும் ஏற்கின்றார்.

கணக்குப் பார்த்தல்

உதாரணமாக, 1,000 கிலோ கிழங்கு கிலோ 100 ரூபாய் வீதம் இன்று 1,00,000 ரூபாய் பெறும் எனக் கொள்வோம். இரண்டு மாத வாடகை 16,000 ரூபாய். ஏற்றியிறக்கும் கூலி 4,000 ரூபாய். எடை குறைவும் அழுகலும் 8 சதவீதம். மிஞ்சுவது 920 கிலோ. ஈட்ட வேண்டியது 1,20,000 ரூபாய். எனவே கிலோ 130 ரூபாய் 43 சதத்துக்கு விற்றாலே போட்டது மீளும். அவ்விலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை இல்லாதவர் உடனே விற்பதே நன்று.

2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன் தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள, வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் திறந்து வைக்கப்பட்டது. விளைநிலத்துக்கு அண்மையில் களஞ்சியம் அமைவது நன்மையே. வெயிலிற் கொழும்பு வரை வந்து வாடியபின் குளிர்விப்பதிற் பயன் குறைவு.

நெற்செய்கையாளருக்கு

உணவு நெல்லுக்குக் குளிரறை தேவையில்லை. 14 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, தரையிற் படாது பலகை மீது அடுக்கினாற் போதும். விதைநெல்லை அதனிலும் நன்கு உலர்த்தல் வேண்டும். ஈரம் 1 சதவீதம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 5 பாகைக் குளிரால் வரும் பயனும் அதுவே, வெயிலோ செலவற்றது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. காலைக் குளிர்ச்சியிற் பறித்து, நிழலில் வைத்து, அன்றே குளிரறையிற் சேர்த்தல் வேண்டும்.

2. சாக்கில் திணிக்காது பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்குக. கூடைகளிடையே காற்றோட இடம் விடுக.

3. வெங்காயத்தின் கழுத்து உலரும் வரை காய வைக்க. கிழங்கின் தோல் முற்றிய பின் கிண்டுக. இவ்விரண்டையும் ஓரறையில் வைத்தலாகாது.

4. வாடகை, எடைக் குறைவு, மின் தடையால் நேரும் சேதம் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுக.

5. தனித்தனியே சிறு மூடைகளைக் கொண்டு செல்லாது அயலவருடன் சேர்ந்து ஓரறையை நிரப்புக. நிரம்பிய அறையில் ஒரு கிலோவுக்கு விழும் செலவு குறையும். வாடகையைப் பேசித் தீர்க்கும் வலிமையும் கூடும்.