பஸ் யார் கையில்?

1981-ல் வந்த ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டரில், ஃப்ளாப்பி டிரைவ் ஏறக்குறைய 32 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வீதம் தரவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உடனுக்குடன் எடுக்காவிட்டால் அடுத்த பைட் வந்துவிடும், படித்தது வீண். இதற்காக பிராசசர் காவல் காத்துக்கொண்டிருந்தால் வேறு எந்த வேலையும் நடக்காது. அதைத் தவிர்க்கத்தான் டிஎம்ஏ, அதாவது நேரடி நினைவக அணுகல்.

எப்படி நடக்கிறது?

மதர்போர்டில் இதற்கென்றே இன்டெல் 8237 சிப் இருந்தது. எந்த முகவரியில் தொடங்க வேண்டும், எத்தனை பைட் என்பதை பிராசசர் முன்கூட்டியே அதில் எழுதிவிடும். பைட் தயாரானதும் ஃப்ளாப்பி கார்டு, ஸ்லாட்டில் உள்ள டிஆர்க்யூ (டிஎம்ஏ கோரிக்கை) கம்பி வழியே குரல் கொடுக்கும். பிராசசரின் நடப்புச் சுழற்சி முடிந்ததும், முகவரியும் தரவும் ஓடும் பொதுப்பாதையான பஸ் 8237-இன் கைக்கு வரும்.

அடுத்து நடப்பதுதான் நுட்பம். 8237 நினைவக முகவரியை பஸ்ஸில் வைத்து, கார்டுக்கு 'கொடு' என்றும் நினைவகத்துக்கு 'எழுதிக்கொள்' என்றும் ஒருசேர ஆணையிடும். பைட் 8237-க்குள் நுழைவதே இல்லை. கார்டிலிருந்து நேராக நினைவகத்துக்குப் போய்விடும். எல்லாம் முடிந்தபின் கார்டு இன்டரப்ட் அனுப்பி பிராசசருக்குத் தெரிவிக்கும்.

64 கேபி தொல்லை

8237-க்கு 16 பிட் வரைதான் எண்ணத் தெரியும். முகவரியின் மேல் பிட்டுகளை வைத்திருந்தது தனியொரு ரெஜிஸ்டர். அது தானாக நகராது. அதனால் 64 கேபி எல்லையைத் தொட்டதும் முகவரி அதே பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்த தரவை அழித்து எழுதும். எல்லை தாண்டாத இடமாகப் பார்த்து பஃபர் ஒதுக்குவது புரோகிராமரின் தலைவலி ஆனது. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினி இரண்டாவது 8237-ஐச் சேர்த்தது. ஆனாலும் முகவரி 24 பிட்தான், 16 எம்பிக்கு மேல் எட்டாது. அந்த 16 எம்பிக்கென லினக்ஸ் நினைவகத்தில் தனி மண்டலமே ஒதுக்கியது.

கார்டே எஜமான்

1992-ல் அறிமுகமான பிசிஐ இந்த இடைத்தரகரை நீக்கியது. கார்டே பஸ்ஸைக் கேட்டு வாங்கி, நினைவகத்தில் தானே எழுதலாம். 33 மெகாஹெர்ட்ஸ், 32 பிட் பஸ்ஸில் உச்ச வேகம் வினாடிக்கு 133 எம்பி. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் இதே வழியில்தான் நினைவகத்தைத் தொடுகின்றன.

வசதியோடு ஆபத்தும் வந்தது. தண்டர்போல்ட் போர்ட்டில் செருகும் சாதனம் பிராசசரைக் கேட்காமலே நினைவகத்தைப் படித்தால், அதிலுள்ள என்கிரிப்ஷன் சாவியும் அதன் கைக்குப் போகும். எந்தச் சாதனம் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று வரையறுத்து இதைத் தடுப்பது ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள். இந்தப் பாதுகாப்பு இயங்குகிறதா என அறிய, விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்து, 'கெர்னல் டிஎம்ஏ புரொடெக்‌ஷன்' என்ற வரிக்கு எதிரே 'ஆன்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 'ஆஃப்' என்றிருந்தால், முன்பின் தெரியாத சாதனத்தை அந்த போர்ட்டில் செருகாதீர்கள்.