முதலுதவிப் பைக்கு எந்தக் கத்தரிக்கோல்?

முதலுதவிப் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் பஞ்சு, பண்டேஜ், பிளாஸ்டர் என்று எல்லோரும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். வெட்டுவதற்கு எதை வைப்பது என்று கேட்டால்தான் பதில்கள் வேறுபடும். என் வகுப்புத் தோழிகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி சவர பிளேட் என்றாள். இன்னொருத்தி சிறிய மடக்குக் கத்தி என்றாள். பலர் உம்மாவின் தையல் கத்தரிக்கோலைச் சொன்னார்கள். இந்த மூன்றும் ஏன் பொருந்தாது, எது பொருந்தும் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். முதலுதவி செய்பவர் வெட்டுவது துணியை, பண்டேஜை, கயிற்றை மட்டுமே. உடம்பில் எதையும் வெட்டுவது அவருடைய வேலையல்ல. ஆகவே நம் கருவி துணியை இலகுவாக வெட்ட வேண்டும். ஆனால் தோலில் பட்டாலும் கீறக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தோப்பூரைச் சுற்றி வயல்கள். பாம்பு கடித்த இடத்தை பிளேட்டால் கீறி இரத்தத்தை வெளியேற்றினால் விஷம் இறங்கிவிடும் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது தவறு. கீறுவதால் விஷம் வெளியே வராது. அதிலும் புடையன் பாம்பின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்டவரின் உடம்பில் நாமே ஒரு காயத்தை உண்டாக்கினால் இரத்தம் நிற்காமல் போகலாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல்களைக் கழற்றி, கை காலை அசைக்காமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே சரியானது.

வழியில் பிரசவம் நேர்ந்தாலும் இவ்வாறுதான். தொப்புள்கொடியை வெட்ட நாம் அவசரப்பட வேண்டியதில்லை. குழந்தையைத் துடைத்து, தாயின் உடம்போடு அணைத்து, துணியால் மூடிச் சூடாக வைத்திருக்க வேண்டும். அழுக்கான பிளேட்டால் வெட்டினால் பச்சைக் குழந்தைக்கு ஏற்புவலி நோய் வரக்கூடும்.

அப்படியானால் எதை வாங்குவது? தாதியரின் கையில் வளைந்த கத்தரிக்கோல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். சத்திரசிகிச்சையில் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரால் அதை லிஸ்டர் கத்தரிக்கோல் என்பர். அதன் கீழ் அலகின் நுனி மழுங்கி, மொட்டுப் போல் இருக்கும். அலகு வளைந்திருப்பதால் அது தோலோடு படிந்து துணிக்கு அடியில் வழுக்கிச் செல்லும். இதே வடிவத்தில், பெரிய பிளாஸ்டிக் கைபிடியோடு, அம்புலன்ஸ் ஊழியர்கள் பயன்படுத்தும் வகையும் உண்டு. ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர் நீளமுள்ள இது தடித்த துணியையும் வெட்டும். பாடசாலைப் பைக்கு 14 சென்ரிமீற்றர் அளவே போதும்.

வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள். நுனி மழுங்கியிருக்க வேண்டும். அலகு துருப்பிடிக்காத உருக்காலானதாக இருக்க வேண்டும். ஓர் அலகில் நுண்ணிய பற்கள் இருந்தால் துணி நழுவாது. கையுறை அணிந்த விரல்களும் கைபிடிக்குள் நுழைய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பழைய துணியொன்றை நனைத்து, நான்காய் மடித்து வெட்டிப் பாருங்கள். விபத்தில் நாம் வெட்டப்போவது பெரும்பாலும் நனைந்த துணியைத்தான்.

நம் பெண்களுக்கு இக்கருவி இரண்டு வகையில் முக்கியமானது. ஒன்று, மோட்டார் சைக்கிளின் சில்லில் ஷோலோ அபாயாவோ சிக்கிக்கொள்வது. அமெரிக்க நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்ஸின் நீஸ் நகரில் உயிரிழந்தது, கழுத்தில் அணிந்திருந்த நீண்ட துணி கார்ச் சில்லில் சுற்றிக்கொண்டதால்தான். அப்படி நேர்ந்தால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். பிறகு கழுத்துக்கும் துணிக்கும் இடையில் மழுங்கிய அலகைச் செலுத்தி வெட்ட வேண்டும். பதறும் கையில் கத்தியையோ பிளேட்டையோ பிடித்துக்கொண்டு ஒருவரின் கழுத்தருகே போக முடியுமா?

மற்றது மானம். காயத்தைப் பார்ப்பதற்காக உடுப்பை முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து காயம்வரை நேராக வெட்டி, அந்த இடத்தை மட்டும் திறந்து, மற்றப் பகுதியை மூடிவிடலாம். முறிந்த காலையும் அசைக்க வேண்டிவராது. தீக்காயத்தில் துணி ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அதைச் சுற்றி வெட்டி, ஒட்டிய துண்டை அப்படியே விட வேண்டும்.

கடற்காற்று இரும்பை அரித்துவிடும். பயன்படுத்திய பின் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் தடவி உலரவிடுங்கள். ஆணிப் பகுதிக்கு இடைக்கிடை ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். கடதாசி வெட்டவும் நூல் நறுக்கவும் இதை எடுக்காதீர்கள். உம்ராவுக்குச் செல்லும் பெற்றோர் இதைக் கைப்பையில் வைக்காமல் விமானத்தில் ஏற்றும் பெரிய பையில் வைப்பது நல்லது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவில் பாதையில் ஏறித்தான் வாகனங்கள் திருகோணமலைப் பக்கம் போயின. இன்று பாலம் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. ஆனாலும் அது வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் நம் கையில்தான். அந்த நிமிடங்களில் இரத்தம் பாயும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. கத்தரிக்கோல் அதற்கு அடுத்ததுதான். அதைப் பையின் அடியில் புதைக்காமல், திறந்தவுடன் கைக்கு வரும்படி மேலே வையுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.