லயன் காம்பராவும் காணி உறுதியும்

பதுளை, அப்புத்தளை, பண்டாரவளை மலைகளில் வரிசையாய்த் தெரியும் லயங்களுட் பல வெள்ளைக்காரத் துரைமார் காலத்தவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு: அநேகமாக ஒரு குடும்பத்திற்கு இவ்வளவே. சுவர் பழையது என்பது மட்டுமல்ல குறை. நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் அது தொழிலாளியின் சொந்த வீடல்ல. வேலையோடு கிடைத்த இருப்பிடமே.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றி, லயத்தில் இருந்தவருக்கு உறுதி கிடைக்கவில்லை. 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை பிரதேச சபைகளும் தோட்டங்களுக்குள் தாராளமாகப் பணியாற்ற முடியவில்லை.

இதன் விலையை 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கண்டோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் வேறு காணி இல்லாதவர் எங்கே போவது? தப்பியோருக்காக மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 இல் கையளிக்கப்பட்டன.

வயலையும் வீட்டையும் விட்டுவந்த உங்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. ஆகவே, மாற்று வீடு தரப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நிலம் சரியாத இடமா? காணி எத்தனை பேர்ச்? உறுதி யார் பெயரில்? கணவன், மனைவி இருவர் பெயரும் எழுதப்பட வேண்டுமெனக் கோருங்கள். தனியே கேட்பதைவிடச் சங்கமாய்ச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள்; பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள். திறப்பு கிடைத்தால் குடியேறலாம். உறுதியும் கிடைத்தால்தான் அது நம் வீடு.